தாழிக்காரருக்கு இடம் தேடியது

எங்கள் புஞ்சையில் கிணறு வெட்டத் தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் கடப்பாரை ஒரு தாழியில் இறங்கியது. நாடு சுதந்திரம் வாங்கிய வருஷத்துக் கோடை அது. திருச்சுழிக்கு மேற்கே, கரிசலும் உடைமரமும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஊர் எங்களுடையது. ஊருணி பங்குனியிலேயே வற்றிவிட்டது. குடிக்கிற தண்ணீருக்கு இரண்டு மைல் நடந்து, ஊற்றில் சிரட்டையால் கோரிக் குடத்தை நிறைத்து, மறுபடி இரண்டு மைல் நடப்பேன். ஆகவே அந்தக் கிணறு என் வீட்டுக்காரரைவிட எனக்குத்தான் அவசரம்.

நான் கஞ்சி கொண்டுபோனபோது வெட்டுகிற ஆட்கள் எல்லோரும் மேலே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய தலைவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“மதமதக்கத் தாழி தாயி. உள்ள ஆளு இருக்காக. இனிமே நாங்க இறங்க மாட்டம்.”

முதுமக்கள் தாழியைத்தான் அப்படிச் சொன்னார். எட்டிப் பார்த்தேன். ஓர் ஆள் குந்தி உட்காரக்கூடிய பெரிய பானை, தோள்வரை சுக்கான் மண்ணில் புதைந்து கிடந்தது. வாய்ப்பக்கம் உடைந்திருந்தது. உள்ளே எலும்புகள், துருவேறிய ஓர் இரும்புத் துண்டு, வெளியே சிவப்பும் உள்ளே கறுப்புமாக ஒரு சின்னக் கிண்ணம்.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அந்தக் காலத்து மனிதர்களுக்குச் சாவே வராதாம். வயதாக ஆகச் சுருங்கிக்கொண்டே போய், பூனை அளவாகி, மாடக்குழியில் உட்கார்ந்து மலங்க மலங்க விழிப்பார்களாம். வைத்துப் பார்க்க முடியாத வீட்டார் தாழியில் இறக்கி, சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம். நான் கன்னியாஸ்திரிகளிடம் எட்டாவது வரை படித்தவள், இதையெல்லாம் நம்புகிறதில்லை. தாழிக்குள் இருந்தவரோ சுருங்கின ஆளும் இல்லை. தொடை எலும்பைப் பார்த்தால் என் வீட்டுக்காரரைவிட உயரம் என்று தோன்றியது.

தலைவர் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். எலும்பை எடுத்து முறையாக ஓர் இடுகாட்டில் வைக்க வேண்டும். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒருவர் மண் தள்ள வேண்டும். அது நடந்தால் இறங்குவார்கள். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை பாலவனத்தம் பக்கம் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், அடுத்த கோடைக்குத்தான் திரும்புவார்கள். அன்றைக்குப் புதன்கிழமை. இன்னொரு வருஷம் அந்தச் சிரட்டையையும் ஊற்றையும் நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

என் வீட்டுக்காரர் இடம் கேட்டுப் புறப்பட்டார். எங்கள் ஊரில் இருப்பவர்களுக்குத்தான் இடம் குறைச்சல், செத்தவர்களுக்குத் தாராளம். தெருவுக்கு ஓர் இடுகாடு உண்டு. போன இடத்திலெல்லாம் முதலில் மோர் கொடுத்தார்களாம், பிறகு ஒரே கேள்வி கேட்டார்களாம்.

“அவுக என்ன ஆளுக?”

இவர் என்ன பதில் சொல்வார்? எலும்பில் எழுதியா இருக்கிறது? மேலத்தெருக்காரர்கள், கீழத்தெரு ஆளாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்றார்கள். கீழத்தெருக்காரர்கள், மேலத்தெரு ஆளாக இருந்து நாளைக்கு வம்பு வந்தால் யார் பதில் சொல்வது என்றார்கள். நியாயமான பயந்தான். ஆனாலும் எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தத் தெருக்கள் எல்லாம் உண்டாவதற்கு முன்பே இந்த மண்ணுக்குள் போனவர் அவர். இத்தனை காலம் யாரிடமும் எதுவும் கேட்காமல் கிடந்தார். வெயிலில் தலைகாட்டிய ஒரே பகலில் போக்கிடம் இல்லாதவராகிவிட்டார்.

சாயங்காலம் கோவிலுக்குப் போனோம். நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். அருப்புக்கோட்டையிலிருந்து பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார், மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்துகிற உபதேசியார்தான் எங்களுக்கு எல்லாம். பொல்லாதவர் இல்லை. சட்டத்தை மட்டும் அரை இஞ்சுகூட நகர்த்த மாட்டார்.

“ஞானஸ்நானம் வாங்காத உடம்பைக் கல்லறை மதிலுக்குள்ள வைக்கக் கூடாதும்மா” என்றார்.

“ஏசுசாமி பொறக்குறதுக்கு முந்தியே செத்தவுகளா இருந்தா அவுக எங்க போயி வாங்குவாக?” என்று கேட்டேன்.

“அப்படின்னாலும் சட்டம் சட்டந்தான்.”

அதே வாக்கியத்தை, அதே தணிந்த குரலில், மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் என் வீட்டு வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். எனக்கு முதலில் பிறந்த பெண் குழந்தைக்காக.

அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. பிள்ளை பிறந்தபோதே அழவில்லை, முனகிற்று. மருத்துவச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நிலைமையில் யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி, ஞானஸ்நானத்துக்குரிய வார்த்தைகளைச் சொன்னால் போதும். தாயே செய்யலாம். இது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஞானோபதேசத் தேர்வில் இந்தக் கேள்விக்குத் தடங்கல் இல்லாமல் பதில் சொல்லிப் படம் ஒன்று பரிசு வாங்கியவள் நான். கைக்கெட்டும் தூரத்தில் செம்பு நிறையத் தண்ணீரும் இருந்தது. ஆனாலும் உபதேசியாரைக் கூட்டிவரும்படி என் வீட்டுக்காரரை அனுப்பினேன். முதல் பிள்ளையாயிற்றே, எல்லாம் முறையாக நடக்கட்டும் என்று நினைத்தேன். உபதேசியார் அடுத்த ஊருக்கு ஜெபம் சொல்லப் போயிருந்தார். ஆள் வந்து சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது.

கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, உடைமரத்தடியில் அவளை வைத்தார்கள். பேர் கிடையாது, சிலுவை கிடையாது. பிள்ளை பெற்ற உடம்பு என்று என்னை அனுப்பவில்லை. உடம்பு தேறிய பிறகும் நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? அவ்வளவு சின்னப் பிள்ளை அந்தப் பொட்டலில் தனியாகக் கிடக்கிறதே என்கிற நினைப்பு மட்டும் தண்ணீர் எடுக்க நடக்கிற நாலு மைலிலும் கூடவே வந்தது.

உபதேசியார் முன்னால் நின்றபோது அந்த நினைப்புத்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

“மதிலுக்கு வெளிய இடம் இருக்குல்ல” என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “வெளிய நடக்குறதுக்கு நான் பொறுப்பில்லம்மா” என்றார். அது அனுமதிதான் என்று எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரர் வீடு வந்து சேருகிற வரைக்கும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் எலும்புகளை ஒரு புது ஓலைப் பெட்டியில் வைத்துத் தலைவர் சுமந்து வந்தார். நானும் போனேன், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக. உடைமரத்தடியில் சப்பட்டையாக ஒரு கல் கிடந்தது. “அதுதான்” என்றார் என் வீட்டுக்காரர். கல்லைச் சுற்றிப் புல் பூண்டு இல்லாமல் செதுக்கிச் சுத்தமாக இருந்தது. இவர் அடிக்கடி வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்மேல் கோபமும் வந்தது, அதைவிடப் பாசமும் வந்தது.

தலைவர் கல்லுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார். பெட்டியை இறக்கி, அந்தச் சின்னக் கிண்ணத்தையும் கூடவே வைத்தோம். தலைவர் எங்களைப் பார்த்தார்.

“சொந்தம்னு யாரு மண்ணு தள்ளுறது?”

“நான் தள்ளுறேன்” என்றேன்.

“என்ன மொற வேணும் தாயி உங்களுக்கு?”

விளையாட்டாகக் கேட்கவில்லை. மண்வெட்டிக் காம்பைப் பிடித்தபடி பதிலுக்காகக் காத்திருந்தார்.

“எம் பிள்ளைக்குத் தொணைக்கு வந்தவுக” என்றேன்.

அந்த முறை அவருக்குப் போதுமானதாக இருந்தது. நான் கையால் மண்ணைத் தள்ளினேன். அன்று மத்தியானமே ஆட்கள் கிணற்றில் இறங்கினார்கள்.

ஆனி மாதக் கடைசியில் தண்ணீர் கண்டது. கொஞ்சம் சப்பென்று இருக்கும், குடிக்கலாம். முதலில் இறைத்த தண்ணீரைக் கோவிலுக்குக் கொடுத்து மந்திரிப்பது எங்களுக்குள் வழக்கம். நான் கொடுக்கவில்லை. பிள்ளை பிறந்த அன்று பக்கத்தில் இருந்த அதே செம்பில் மொண்டுகொண்டு உடைமரத்தடிக்குப் போனேன். இரண்டு பேர் மேலும் படும்படி ஊற்றினேன். யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கவில்லை. ஊற்றும்போது சொல்ல வேண்டிய வார்த்தைகளையும், ஒன்று விடாமல், சத்தமாகவே சொன்னேன். இறந்தவர்களுக்கு அது செல்லாது என்று எனக்குத் தெரியும். எட்டாவது வரை படித்தவள்தானே.