கிருபாவதி டீச்சரின் பச்சைக்கல் மோதிரம்

நகைத் தொழிலில் புது நகை செய்கிறவன் நிம்மதியாகச் சாப்பிடுவான். ரிப்பேர் பார்க்கிறவனுக்கு வாயில் சோறு இருக்கும்போதும் மனசு பட்டறையில்தான் இருக்கும். புது நகையில் கை தவறினால் உருக்கிவிட்டு மறுபடி செய்யலாம். ரிப்பேருக்கு வந்ததில் தவறினால் யாரோ ஒருவருடைய கல்யாண நாளை உருக்கிய மாதிரி. இரவல் புடவையில் குழம்பு கொட்டியவர்கள், பக்கத்து வீட்டு ரேடியோவைப் பழுது பார்க்கிறேன் என்று ஊமையாக்கியவர்கள் எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சித்தூர் பஜாரில் எட்டடி அகலத்தில் ஒரு கடை வைத்திருந்தோம், நானும் கூட்டாளி முனிரத்தினமும். நான் நகரிப் பக்கத்துத் தமிழன், அவன் தெலுங்குக்காரன். கடை திறந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. மிஷன் காம்பவுண்டுக் குடும்பங்கள் எங்களிடம் வர ஆரம்பித்திருந்தார்கள். அவர்களை அனுப்பி வைத்தவர் கிருபாவதி டீச்சர். அவருடைய மோதிரத்தைத்தான் நான் கெடுத்தேன்.

நூல்

டீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுப்பவர். ஒருநாள், மோதிரத்தைக் கழற்ற முடியாது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட, அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்தார். வலது கை விரல்கள் வீங்கிப்போய், மோதிர விரல் நாவல்பழ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பச்சைக்கல் மோதிரம், சதையில் புதைந்து கிடந்தது. வெட்டி எடுக்கலாம் என்றால் ரம்பத்தின் முனை நுழைய இடமில்லை.

எனக்கு ஒரு வித்தை தெரியும். பட்டு நூலின் ஒரு நுனியை ஊசியால் மோதிரத்துக்கு அடியில் நுழைத்துவிட்டு, மீதி நூலை மோதிரத்திலிருந்து விரல் நுனிவரை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். வீக்கம் அமுங்கும். பிறகு அடியில் நுழைத்த நுனியைப் பிடித்து மெல்லப் பிரித்தால், பிரிகிற நூலோடு மோதிரமும் அங்குலம் அங்குலமாக முன்னால் வரும். அரை மணி நேரம் ஆயிற்று. டீச்சர் ஒரு முறைகூட "ஸ்" என்று சொல்லவில்லை. மோதிரம் என் உள்ளங்கையில் விழுந்ததும் வெறும் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளையத்தைப் பெரிசு பண்ணித் தருகிறேன், சனிக்கிழமை வாருங்கள் என்றேன்.

"பதினெட்டு வருஷமா கழட்டாத மோதிரம் ஆசாரி. விரலுக்கு என்னமோ குளிர்ற மாதிரி இருக்குது."

சத்தம்

வளையத்தை வெட்டி, நடுவில் ஒரு துண்டுத் தங்கம் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். நெருப்பு காட்டுவதற்கு முன்னால் கல்லைக் கழற்றிவிடுவதுதான் முறை. ஆனால் அந்தக் கல்லைச் சுற்றித் தங்கத்தால் மெல்லிய சுவர் எழுப்பி மடக்கியிருந்தார்கள். அதைப் பிரித்துத் திரும்ப மடக்க அரை நாள் ஆகும். நான் குறுக்கு வழியில் போனேன். கல் இருக்கிற பக்கத்தை ஒரு பச்சை உருளைக்கிழங்கில் அழுத்திச் சொருகினேன். கிழங்கின் ஈரம் சூட்டைக் குடித்துவிடும். கெம்பு மாதிரிச் சிவப்புக் கற்களை அப்படிப் பல தடவை காப்பாற்றியிருக்கிறேன்.

பற்றவைப்பு அழகாக வந்தது. ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்கப் போன நேரம், கிழங்குக்குள்ளிருந்து "டிக்" என்று ஒரு சத்தம். முனிரத்தினம் தலையைத் தூக்கி மேலே உத்தரத்தைப் பார்த்தான், பல்லி என்று நினைத்து. நான் மேலே பார்க்கவில்லை. மோதிரத்தைக் கிழங்கிலிருந்து உருவிக் கல்லைத் துடைத்தேன். ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைவரை, தலைமுடி ஒன்று விழுந்து கிடக்கிற மாதிரி ஒரு கோடு. துடைத்தேன். போகவில்லை. இன்னொரு தரம் துடைத்தேன். முனிரத்தினம் எழுந்து வந்து என் தோள்மேல் குனிந்து பார்த்தான்.

"தேவுடா! கெம்பு தாங்கும், பச்சை தாங்காது. இத நீ தெரியாம செஞ்சியா, தெரிஞ்சே செஞ்சியா?"

தெரிந்தேதான் செய்தேன்.

திருப்பதியில் ஒரு ஜன்னல்

மறுநாள் சுவரைப் பிரித்துக் கல்லைக் கழற்றினேன். முந்தின நாள் செய்திருக்க வேண்டிய வேலை. கல்லைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினேன். அங்கே காதர் பாய் என்று ஒரு கல் வியாபாரி. மாடியறையில் வடக்குப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான் கல் பார்ப்பார். விளக்கு வெளிச்சம் பொய் சொல்லும் என்பார். என் கல்லைச் சாமணத்தில் பிடித்து லென்ஸில் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் நீட்டினார்.

நான் அதுவரை கல்லை மேலாகத்தான் பார்த்திருந்தேன். நிறம் எப்படி, மூளி இருக்கிறதா, அவ்வளவுதான். அன்றைக்கு உள்ளே பார்த்தேன். ஏரிக்கரையில் குனிந்து பார்த்தால் அடியில் பாசி அசையாமல் நிற்குமே, அந்த மாதிரி. கொடிகொடியாக, திரைதிரையாக, பச்சைக்குள் பச்சை. அதன் நடுவே நான் உண்டாக்கின விரிசல் மட்டும் கண்ணாடித் தகடு மாதிரி பளபளத்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அழகைப் பார்த்தா, செய்த காரியத்தைப் பார்த்தா, சொல்லத் தெரியவில்லை.

பாய் ஒரு பொட்டலத்தைப் பிரித்து அதே அளவில், அதே நிறத்தில் இன்னொரு கல்லை வைத்தார். "இத்த மாத்திக் கட்டிடு. அந்தம்மாவுக்குத் தெரியாது" என்றார். அதையும் லென்ஸில் பார்த்தேன். மனுஷன் செய்து எடுத்த கல். உள்ளே ஒன்றுமே இல்லை. கழுவி வைத்த தம்ளர் மாதிரி இருந்தது. அரை மணி நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பொட்டலத்தை மடித்துக்கொண்டே சொன்னார்:

"அந்தம்மாவுக்குத் தெரியாதுன்னுதான் சொன்னேன். உனக்குத் தெரியாதுன்னு சொல்லலையே, நைனா."

காம்பவுண்டு வீடு

சனிக்கிழமைவரை காத்திருக்காமல் நானே டீச்சர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அவர் கணவர் தேவசகாயம், தபாலாபீஸ்காரர். உட்காரச் சொன்னார். டீச்சரும் உள்ளேயிருந்து வந்தார். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றபடியே சொல்லிவிட்டேன். சோம்பல்பட்டுக் குறுக்கு வழியில் போனதையும் சேர்த்து.

அவர் முகம் சிவந்துவிட்டது. "மெட்ராஸுக்குப் போயி, கடை கடையா ஏறி எறங்கி வாங்கின கல்லுய்யா அது! மோதிரத்த நம்பிக் குடுத்தா ஒடச்சிக்கினு வந்து நிக்கிறியே, ஸ்டேஷனுக்குப் போலாமா?" என்று கத்தினார். எனக்கு அவர் கத்தியது ஆறுதலாகக்கூட இருந்தது. டீச்சர்தான் பயமுறுத்தினார். அவர் கோபப்படவே இல்லை. நெருப்பு எந்தப் பக்கம் காட்டினீர்கள், எத்தனை நேரம், சத்தம் எப்படிக் கேட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "டிக்" என்று நான் சொல்லிக் காட்டினேன். பாயிடம் நான் இரவல் வாங்கி வந்திருந்த லென்ஸைக் கேட்டு வாங்கி, கல்லோடு வாசலுக்குப் போய் வெயிலில் நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கணவரைக் கூப்பிட்டார். அவர் விறைப்பாகத்தான் போனார். லென்ஸில் கண்ணை வைத்ததும் தோள் இறங்கியது. "நான் வாங்கினது இதுவா?" என்றார், சின்னக் குரலில்.

நஷ்டத்துக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். டீச்சர் யோசிக்கக்கூட இல்லை.

"திங்கக்கிழமை மூணாவது பீரியடுக்கு வாங்க ஆசாரி. எப்படி ஒடச்சீங்கன்னு எங்க பிள்ளைங்களுக்குச் சொல்லணும்."

மூணாவது பீரியட்

போலீஸ் ஸ்டேஷனே தேவலை என்று தோன்றியது. நாற்பது பிள்ளைகள் முன்னால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உருளைக்கிழங்கு என்றதும் சிரித்தார்கள். சத்தத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. டீச்சர் கல்லையும் லென்ஸையும் பெஞ்சு பெஞ்சாகக் கொண்டுபோய்க் காட்டினார்.

முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "உள்ள குட்டிக் குட்டியா குமிழி கீது சார். அதுல இன்னா கீது?" பன்னிரண்டு வருஷம் கல் கட்டியிருக்கிறேன், அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. டீச்சர் சொன்னார்: அதில் இருப்பது தண்ணீர். பூமிக்கு அடியில் இந்தக் கல் உருவானபோது உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர். மனுஷன் பிறப்பதற்கு எவ்வளவோ காலம் முன்னால் இருந்த தண்ணீர். சூடு பட்டால் அது விரியப் பார்க்கும். விரிய இடமில்லை. அதனால் கல்லைப் பிளக்கும். நான் பக்கத்து பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு பழைய ஒன்றை ஒரு உருளைக்கிழங்கை நம்பி நெருப்பில் காட்டியிருக்கிறேன். அந்தப் பெண் இன்னும் உட்காரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்தத் தண்ணி இவரு கடையில வெளிய வந்துட்டுதா டீச்சர்? இவரு மூச்சுல போயிட்டுதா?"

திரும்பக் கட்டியது

அதே கல்லைத்தான் கட்ட வேண்டும் என்று டீச்சர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். விரிசல் விட்ட கல்லின்மேல் தங்கச் சுவரை மடக்குவது லேசான காரியம் இல்லை. அழுத்தம் ஒரு பக்கம் கூடினால் இரண்டு துண்டாகிவிடும். அதையும் மறைக்காமல் சொன்னேன். கணவனும் மனைவியும் கடைக்கு வந்து என் எதிரிலேயே உட்கார்ந்தார்கள்.

முனிரத்தினம் கடைக் கதவைச் சாத்தினான், பஜார் சத்தத்தில் கை பதறக்கூடாது என்று. எஃகுக் குச்சியால் ஒரு இடத்தில் ஒரு அழுத்து, நேர் எதிரே ஒரு அழுத்து. மறுபடி பக்கத்தில், மறுபடி எதிரே. ஒவ்வொரு அழுத்துக்கும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். சுவர் முழுக்க மடங்கியது. கல் ஒரு சத்தமும் போடவில்லை. விரிசல் அப்படியே இருந்தது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. மோதிரம் விரலில் ஏறியதும் டீச்சர் கையை வெளிச்சத்தில் நீட்டி, முடி மாதிரியான அந்தக் கோட்டைத்தான் முதலில் தேடினார். தேவசகாயம் தன் இடது கையை உதறிக்கொண்டிருந்தார். அதில் நான்கு நகக்குறிகள் பதிந்திருந்தன.

"கல்யாணத்தன்னிக்குக்கூட இவ என் கைய இப்படிப் புடிச்சதில்ல ஆசாரி."

காம்பவுண்டுக்காரர்கள் அதற்குப் பிறகும் எங்களிடம்தான் வந்தார்கள். ஒரு கல்லை உடைத்த பிறகுதான் கல்லென்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது, உடைக்காமலே தெரிந்துகொள்ள வழி ஏதாவது இருந்தால் ஊரில் உள்ள எல்லா மோதிரங்களின் சார்பிலும் கேட்கிறேன், யாராவது சொல்லுங்கள்.