திருநீறு போட்டுத் துலக்கிய ராசா

எங்களோடு ஒரே வீட்டில் இருந்த என் தாய்மாமனிடம் உலோகம் தேடும் கருவி ஒன்று இருந்தது. நீண்ட பிடி, நுனியில் வட்டத் தட்டு. மண்ணுக்குள் ஏதும் கிடந்தால் கீச்சென்று கத்தும். சனிக்கிழமைகளில் அதைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு, கனடாவில் நாங்கள் இருந்த லாசாலில் பஸ் ஏறி, மெட்ரோ மாறி, ஆற்றுக்கு அடியால் அக்கரையில் உள்ள லொங்குய்ய்க்குப் போவோம். அந்தப் பொதியைப் பார்த்ததும் மெட்ரோவில் ஆட்கள் சற்றுத் தள்ளி உட்காருவார்கள். மாமா அதை மரியாதை என்று எடுத்துக்கொள்வார்.

லொங்குய்யில், மாமாவோடு வேலை செய்து ஓய்வுபெற்ற பிரெஞ்சுக் கிழவர் ஒருவர் தன் பழைய வீட்டின் பின்வளவைக் கிண்ட விட்டிருந்தார். கிடைப்பதெல்லாம் மாமாவுக்கு, புல்லை மட்டும் இருந்தபடியே திரும்ப வைத்துவிட வேண்டும். அதுவரை கிடைத்தவை ஆணிகள், போத்தல் மூடிகள், ஒரு குதிரை லாடம். மாமா தேடியது பழைய வெள்ளிக்காசு. நல்லதாக ஒன்று அகப்பட்டால் அதை விற்று எனக்கும் ஒரு சின்னக் கருவி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பது வயதுப் பெண்ணான நான் அந்த ஒரு வாக்கை நம்பித்தான் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அது அகப்பட்டேவிட்டது. கறுத்துப்போன பெரிய காசு. ஒரு பக்கம் ராசாவின் தலை, மறுபக்கம் வள்ளம் வலிக்கும் இரண்டு பேர். மாமா அதைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்து, சமையலறையில் ஒரு சோசரில் வைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனார்.

அம்மா சும்மா இருப்பாரா? வெள்ளி கறுத்துக் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. சுவாமித்தட்டில் இருக்கும் கிண்ணத்தைத் துலக்குவதுபோல, திருநீற்றைத் தொட்டு, பழைய வேட்டித் துண்டால் தேய்தேய் என்று தேய்த்தார். மாமா வேலை முடிந்து வந்தபோது ராசா புதுமாப்பிள்ளை மாதிரி மின்னிக்கொண்டிருந்தார். அம்மா தொலைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"தம்பியைக் கனடாவுக்கு அனுப்ப வித்துக் குடுத்த என்ர காப்பெல்லாம் வெள்ளியாத் திரும்பி வந்திருக்கு. வந்து பாருங்கோவன், என்ன பளபளப்பு!"

தங்கக் காப்பு எப்படி வெள்ளியாகும் என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு என் கருவியின் நினைப்பில் அதை விட்டுவிட்டேன்.

பழைய காசு வாங்கும் கடைக்கு என்னையும் மாமா கூட்டிப் போனார். அவருடைய பிரெஞ்சு 'பொஞ்சூர்' என்ற வணக்கத்தில் தொடங்கி 'மெர்சி' என்ற நன்றியில் முடிந்துவிடும். இடையில் உள்ளதெல்லாம் என் பொறுப்பு. கடைக்காரர் பூதக்கண்ணாடியால் பார்த்தார். பிறகு, இதை யார் தேய்த்தது என்று கேட்டார். தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்களாம். உருக்கும் வெள்ளிக்கு உள்ள விலைதான் தரலாமாம். கறுப்போடு கொண்டுவந்திருந்தால் இது வேறு கதை என்றும் சொன்னார். அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். மாமா "மெர்சி" என்று சொல்லிக் காசை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றார்.

"என்னவாம் தம்பி?"

"விக்க வேண்டாமாம், அக்கா. இப்பிடி ஒரு காசு வீட்டில இருக்கிறது அதிர்ஷ்டமாம்."

நான் வாயைத் திறந்தேன். மாமாவின் கை என் தோளை அழுத்தியது. "அப்பிடித்தானே பிள்ளை, அந்த மனுசன் சொன்னவர்?"

"ஓம்" என்றேன். அந்த ஓமோடு என் கருவியும் போய்விட்டது. அம்மா காசுக்குக் குங்குமப் பொட்டு வைத்து லட்சுமி படத்தின் முன் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை அம்மா எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார். "இண்டைக்கும் கொண்டு வா தம்பி. துலக்கித் தாறன்." திருநீறும் துணியும் மேசையில் தயாராக இருந்தன.

அன்றும் கருவி கத்தியது. மாமா தோண்டினார். கறுத்த விளிம்பு தெரிந்தது, நான் துள்ளினேன். மாமா அதை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு குழிக்குள்ளேயே போட்டு மண்ணைத் தள்ளினார்.

"ஏன் மாமா?"

"கொண்டு போனா அக்கா துலக்குவா. வேண்டாமெண்டா ஏனெண்டு கேப்பா. பிறகு முந்தின காசின்ர கதையும் வெளிய வரும்."

"ஒளிச்சு வைப்பம். நான் சொல்ல மாட்டன்."

"அக்காவுக்கு ஒளிச்சு எனக்குப் பழக்கமில்லை, பிள்ளை."

சில நாட்களுக்கு முன்புதான் அவ்வளவு பெரிய பொய்யைச் சொன்ன மனிதர்! எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. மாமா புல்லை இருந்தபடியே வைத்து, சப்பாத்தால் மெல்ல மிதித்தார். அதன்பிறகு அவர் லொங்குய்ய்க்குப் போகவில்லை. கருவி நிலவறையில், ஒட்டகம் மாதிரி ஒரு மூலையில் கழுத்தை வளைத்துக்கொண்டு கிடந்தது. சனிக்கிழமைகளில் மாமா தொலைக்காட்சி பார்த்தார். அக்காவுக்குப் பயந்த கோழை என்று நான் மனதுக்குள் அவரைத் திட்டினேன்.

மாமா இப்போது இல்லை. எனக்கு விளங்கிவிட்டது என்று சொல்ல ஆளில்லாமல் போனதுதான் என் துக்கம். கலியாண வீடுகளில் மற்ற மாமிமாரின் கைகளில் காப்புகள் கலகலக்கும். அம்மாவின் கைகள் வெறுமையாக இருக்கும். ஒவ்வொரு இரவும் சாப்பாட்டு மேசையில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் மாமா தட்டை நீட்டியிருக்கிறார். பக்கத்தில் இருந்து நானும் பார்த்தேன். எனக்கு அது சோறு போடுகிற கை, அவ்வளவுதான்.