மூடிய புண்ணுக்கு ஒரு சாட்சி

பவுடர் வாசனை வந்தால் நான் இன்றைக்கும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிடுவேன். வெளியே பனியோ மழையோ, எனக்குக் கவலையில்லை. என் வீட்டில் பவுடர் வாங்கி இரண்டு வருடமாகிறது. பக்கத்து வீட்டிலிருந்து வருகிறதோ என்று ஒரு நாள் கேட்டும் பார்த்தேன். "எங்க வீட்ல யாரும் பவுடரே போடறதில்லலா" என்றாள் அந்த வீட்டுக்காரி. அதற்குப் பிறகு யாரையும் கேட்பதில்லை. பைத்தியம் என்று பேர் வாங்க எனக்கு ஆசையில்லை.

அது என் வீட்டுக்காரர் தன் காலுக்குப் போட்ட பவுடர். அவர் சாவில் எனக்குப் பங்கு உண்டு. சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் தேயிலைத் தோட்டத்தில் மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. இப்போதெல்லாம் மலையில் கொழுந்து எடுப்பவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த ஆட்கள்தான். இரண்டு பேர் இரு பக்கமும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு செடிகளின் மேலே ஓட்டிப் போவார்கள். அவர்களோடு சரிவில் ஏறி இறங்குவதுதான் இவருக்கு வேலை. காலையில் முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்டைக் காலில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவார். பத்து வருடமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. கவாத்து வெட்டிய செடியின் குச்சி ஒன்று பூட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து பூட்டைக் கழற்றி, ரத்தத்தைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் கேட்டார்.

"இந்தா, இது யாரோட ரத்தம்?"

எதற்கெடுத்தாலும் கேலிதான் அவருக்கு. நான் ஓடிப்போய்த் துணி எடுத்து வந்து கட்டினேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் தானா ராத்தா டவுனுக்குப் போய், கிளினிக்கில் கட்டு மாற்றிக்கொண்டு வருவார். புண் ஆறுகிற மாதிரி இருக்கும், மறுபடியும் வாய் திறக்கும். இனிப்பு நீர்க்காரர்களின் காலை எடுத்த கதைகள் எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், வீட்டுக்கு ஒன்று உண்டு. நான் வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருக்க ஆரம்பித்தேன்.

எங்கள் சபை ரிங்லெட்டில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் கூடும். கீழே காய்கறி வியாபாரம். கோஸ் வாசனையோடுதான் எங்கள் ஆராதனை. பாட்டு முடிந்ததும் பாஸ்டர், "சாட்சி உள்ளவங்க எழும்பலாம்" என்பார். ஒருத்தி எழுந்து மகனுக்குக் காலேஜ் கிடைத்ததைச் சொல்வாள். இன்னொருவர் லோரி விபத்தில் தப்பித்ததைச் சொல்வார். நான் மூன்று வருடமாக எழும்பவில்லை. மற்றவர்களுக்குக் கைதட்டியே உள்ளங்கை காய்த்துப்போனது. வீட்டுக்குத் திரும்பும்போது கர்த்தரோடு சண்டை போடுவேன். "எல்லார் வீட்டுக்கும் போறீங்க, எங்க லயத்துக்கு மட்டும் வழி தெரியலயா?" என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன். இவர் பக்கத்தில் நடந்துகொண்டே, "அவருக்கு வழி தெரியும், உன் வாய்க்குப் பயந்துக்கிட்டு வரல" என்பார்.

எங்களுக்குள் இன்னொரு பழக்கம் உண்டு. ஜெபத்தில் கேட்டது கைக்கு வருவதற்கு முன்பே, வந்துவிட்டதாக எழுந்து நின்று நன்றி சொல்வது. விசுவாசச் சாட்சி என்போம். அப்படி வாயால் அறிக்கை செய்தால் பிறகு பின்வாங்கக் கூடாது. பின்வாங்கினால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடும். அதற்காக மருந்தை நிறுத்து என்று யாரும் சொன்னதில்லை. பாஸ்டரே பிரஷர் மாத்திரை போடுகிறவர்தான். பழியை அவர் தலையில் கட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை.

மூன்றாவது உபவாச வெள்ளி முடிந்து, கிளினிக்கில் கட்டைப் பிரித்தபோது நானும் கூட இருந்தேன். புண் மேலே மூடி, புதுத் தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது. கட்டுப் போடுகிற நர்ஸ் மிஸ்ஸி காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மேல மூடிக்கிச்சு. ஆனா உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும். திங்கக்கிழம கட்டாயம் வாங்க" என்று சொல்லி, அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தாள். அவள் சொன்னதில் முதல் பாதி மட்டும்தான் என் காதில் ஏறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் கேட்டு முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். டாக்டர்களே கையை விரித்த கால் என்றேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. பூரண சுகம் என்றேன், தழும்புகூட இல்லை என்றேன். பேசப் பேச எனக்கே அழுகை வந்தது. சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. பாஸ்டர் சந்தோஷத்தில், "அண்ணே, அந்தக் கால தரையில நல்லா மிதிச்சுக் காட்டுங்க" என்றார். இவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, மரத் தரையில் ஓங்கி இரண்டு தடவை மிதித்தார். உணர்ச்சி இல்லாத கால், வலிக்கவா போகிறது.

அவர் போன பிறகு அந்தச் சத்தத்தை நான் எத்தனையோ விடியற்காலையில் சமையலறையில் நின்றுகொண்டு கேட்டிருக்கிறேன். பின்கதவுப் பக்கம், இரண்டே தடவை. போய்ப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள்.

படி இறங்கும்போது காதோரம் சொன்னார், "எவ்ளோ நீட்டமா பேசுற நீ. என் கால்கூட அவ்ளோ நீளம் இல்லலா." நான் சிரித்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அந்த வாரமே பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். ஒருத்தி பிள்ளை இல்லை என்று வந்தாள். இன்னொருத்தி கணவன் குடிக்கிறான் என்று வந்தாள். "அக்கா, நீங்க ஜெபிச்சா கேக்கும்க்கா" என்றார்கள். அதுவரை என்னை யாரும் ஒரு ஆளாக மதித்ததில்லை. எனக்குத் தலை கனத்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

அதற்கெல்லாம் முன்னால், சாட்சி சொன்ன மறுநாளே, அந்தத் திங்கட்கிழமை வந்தது. கிளினிக்கில் நம்பர் கொடுக்கிற இடத்தில் எங்கள் சபைப் பெண் ஒருத்தி வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து அல்லேலூயா சொன்னவள். திங்கட்கிழமை அதே காலோடு போய் அவள் முன்னால் நம்பர் வாங்குவதா? நான் வாயைத் திறந்து போக வேண்டாம் என்று சொல்லவில்லை. தேதி எழுதிய அட்டை மேசைமேல் கிடந்தது. அதை எடுத்து வேதாகமத்துக்கு அடியில் வைத்தேன், அவ்வளவுதான். இவர் அட்டையைத் தேடுவார் என்று பார்த்தேன். தேடவில்லை. பூட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

இரண்டு வாரம் கழித்துத்தான் பவுடர் வந்தது. பெரிய டப்பா, பிரிஞ்சாங் பசார் மாலாமில், ராத்திரிச் சந்தையில், வாங்கினேன் என்றார். குளிக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் இருப்பார். வெளியே வரும்போது சாக்ஸ் போட்டிருப்பார். "என்னங்க, புது மாப்பிள்ளையா? இவ்ளோ பவுடரு?" என்று கேட்டேன். "நீ ஊரெல்லாம் என் கால விளம்பரப்படுத்திட்ட. வாசமா வச்சிக்க வேணாமா?" என்றார்.

அந்த வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. எனக்குத் தெரிந்தது. தெரியாமல் போகுமா, ஒரே படுக்கையில் படுக்கிறவள் நான். ரப்பர் பூட்டு நாற்றம் என்று சொல்லிக்கொண்டேன். உரம் என்று சொல்லிக்கொண்டேன். துவைக்கப் போட்ட சாக்ஸில் மஞ்சளாகக் கறை பார்த்தேன். சோப்புப் போட்டு, தேய்த்து, அலசி, காயப் போட்டேன். காய்ந்த பிறகு மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். "கால காட்டுங்க" என்று இரண்டு சொல் சொல்லவில்லை. சொன்னால் அவர் காட்டியிருப்பார். காட்டினால் அடுத்த ஞாயிறு நான் எந்த முகத்தோடு அந்தப் படி ஏறுவேன்? அதைத்தான் யோசித்தேன். அவர் காலை நான் யோசிக்கவில்லை. இதை எழுதும்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை மலையில் குளிர் ஜுரம் கண்டு விழுந்துவிட்டார். கூட இருந்த நேபாளத்து ஆட்கள் தூக்கி வந்து லோரியில் போட்டுத் தானா ராத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பூட்டைக் கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பினார்கள். நான் திருப்பவில்லை. எனக்கு அது புது வாசனை இல்லையே.

அன்றைக்கே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். எடுத்தும், விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். பாஸ்டர் மலையிலிருந்து கீழே இறங்கி வந்து, கட்டில் பக்கத்தில் நின்று அழுதார். அவர் என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே கொட்டியிருப்பேனோ என்னவோ.

நாலாம் நாள் மதியம் இவருக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. தண்ணீர் கேட்டார், கரண்டியால் கொடுத்தேன். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. என்னைக் குனியச் சொன்னார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "புண்ணு மறுபடி தொறந்துக்கிச்சு. அந்த ஞாயித்துக்கெழம மிதிச்சப்பவே தொறந்துக்கிச்சு. உனக்குத் தெரியாம மறைச்சிட்டேன்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நீ அவ்ளோ பேரு முன்னால எழுந்து சொன்ன. அது பொய்யாப் போயிடக் கூடாதுன்னுதான். பவுடர போட்டு உன்ன நல்லா ஏமாத்திட்டேன். ஒருநாள்கூட நீ கண்டுபிடிக்கல." அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிறகு முகம் மாறியது. "பொஞ்சாதிய ஏமாத்திட்டுப் போகக் கூடாது. என்ன மன்னிச்சிரு புள்ள."

சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும், அன்றைக்கே தெரியும், சாக்ஸைத் துவைத்தவள் நான்தானே என்று சொல்லியிருக்கலாம். அவர் கண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிட்டேங்க" என்றேன்.

நெஞ்சிலிருந்து பெரிய மூச்சு ஒன்று விட்டார். "ஜெபம் பண்ணு" என்றார். அவர் நெற்றியில் கை வைத்துக் கண்ணை மூடினேன். கர்த்தரிடமாவது உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். ஆனால் சத்தமாகத்தான் ஜெபிக்க வேண்டும், அவர் காதில் விழும். அதனால் என் புருஷன் என்னிடம் மறைத்ததை மன்னியும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். அவருடைய பாவத்தை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். என்னுடையதை ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு வரிக்கும் அவர் ஆமென் சொன்னார்.