மந்தாரைப் புதரில் பாம்பு

“பாம்பு என்ன கலருன்னு கேக்குறீங்களே சார், பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க?”

வள்ளிக்கண்ணு இப்படிக் கேட்டது குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் கலையரசனை. கேட்ட இடம் தில்லை நகரில் ஒரு குறுக்குத் தெரு முனையில் இருக்கும் சின்னப் பூங்கா. அதற்கு அவள்தான் வாட்ச்மேன், தோட்டக்காரி, கூட்டுகிறவள், எல்லாம் ஒரே சம்பளத்தில். கலையரசன் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் யாரும் அவரை எதிர்த்துப் பேசுவதில்லை. இவள் பேசுவாள், ‘சார்’ போட்டுத்தான் பேசுவாள்.

“இல்லம்மா, நல்ல பாம்பா சாரையான்னு தெரிஞ்சா...”

“அது எங்கிட்ட நின்னு பேரா சொல்லிட்டுப் போவும்? வாலப் பாத்தேன். மந்தாரைக்குள்ள போச்சு. அந்தப் பக்கம் வராதீங்க. அவ்ளோதான்.”

பாம்பும் இல்லை, வாலும் இல்லை. வாய் கூசாமல் சொன்ன பொய்.

வயது அறுபத்து மூன்று. ரேஷன் கார்டில் ஐம்பத்தெட்டு. புருஷன் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. “செத்தவரப் பத்திக் குத்தம் சொல்லக் கூடாது” என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் குத்தம் சொல்வாள். ஸ்ரீரங்கத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறாள். விடியற்காலையில் காசில்லாத பஸ்ஸில் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, ஆறு மணிக்குப் பூங்காவைத் திறந்துவிடுவாள். சேலைக்கு மேல் ஆம்பளைக் காக்கிச் சட்டை. காண்ட்ராக்ட்காரன் கொடுத்தது; கைப்பக்கம் கிழிந்து நூல் தொங்கும். இடது கால் செருப்பின் வார் அறுந்து மூன்று மாதமாக ஊக்கில் நிற்கிறது. புது வார் போடச் சொன்னால், “ஊக்கு நல்லாத்தானே இருக்கு?” என்பாள். டீ கூடக் காசு கொடுத்துக் குடித்ததில்லை. நடக்க வருகிறவர்கள் வாங்கித் தர வேண்டும். தராதவர்களைப் பெயரோடு ஞாபகம் வைத்திருக்கிறாள்.

அவளுடைய ஆயுதம் தண்ணீர் ஹோஸ். புல்லை மிதிப்பவன் மேல் அது எப்படியோ திரும்பிவிடும். நனைந்தவன் கத்தினால், “செடிக்குத்தாங்க ஊத்தினேன், நீங்க குறுக்க வந்துட்டீங்க” என்பாள். அதற்கும் அடங்காதவனுக்கு வாசலில் இருக்கும் நீலப் போர்டு. கடலை உரித்துப் போடுகிறவன், ஊஞ்சலில் ஏறும் பெரியவன், போனில் சத்தமாகப் பாட்டு வைக்கிறவன், எல்லோருக்கும் ஒரே பதில்: “போர்டுல போட்டிருக்கு பாருங்க.” போர்டில் இருப்பது திறக்கும் நேரமும் மூடும் நேரமும் மட்டும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இத்தனை வருஷத்தில் போய்ப் படித்துப் பார்த்தவனும் எவனும் இல்லை.

பங்குனி பிறந்தால் சங்கத்துக்கு இயற்கை ஞாபகம் வந்துவிடும். ‘வசந்தச் சுற்றுச்சூழல் குடும்ப விழா’ என்று ஃப்ளெக்ஸ் அடிப்பார்கள். குடும்பத்துக்கு ஒரு மரக்கன்று, பிள்ளைகள் உருட்ட விதைப்பந்து, பறவைகளுக்குத் தண்ணீர்ச் சட்டி, காய்ந்த இலையை ஒட்டிப் படம் செய்யும் போட்டி. எல்லாம் நல்ல காரியந்தான். மறுநாள் முந்நூறு பேப்பர் கப்பையும் வெடித்த பலூன்களையும் பொறுக்குவது வள்ளிக்கண்ணு.

இந்த வருஷம் கூடுதலாக ஒரு செல்ஃபி ஆர்ச். குடும்பத்தோடு நின்று படம் எடுக்கலாம். அதற்குப் பின்னால் பூ தெரிய வேண்டும் என்று கலையரசன் மந்தாரைப் புதரைக் காட்டினார். மூங்கில் ஊன்ற இரண்டு கிளைகளை வெட்ட வேண்டும் என்றார். அந்த இடத்தில்தான் அவள் வாயில் பாம்பு வந்தது.

காரணம் அவளுடைய காக்கிச் சட்டை. மாசிக் கடைசியில் துவைத்துக் காயப்போட்ட சட்டையிலிருந்து தொங்கும் நூலைக் காணோம். இரண்டு நாள் கழித்து அந்த நூலை மந்தாரை இலையில் பார்த்தாள். ஒரு சாண்கூட இல்லாத குருவி ஒன்று இரண்டு இலைகளைச் சேர்த்துப் பிடித்து, ஓட்டை போட்டு, அவள் சட்டை நூலையும் சிலந்தி நூலையும் கோத்துத் தைத்திருந்தது. உள்ளே பஞ்சு மெத்தை, மூன்று முட்டை. தையல்சிட்டு என்று பெயர். அவள் ‘டெய்லர்’ என்றாள். “என் தையலே இவ்ளோ நெருக்கமா வராது” என்று தனக்குத்தானே ஒத்துக்கொண்டாள். அவள் யாரையும் பாராட்டியதாகத் தெருவில் வேறு சாட்சி கிடையாது.

கூடு இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். போன வருஷம் சொன்னாள். பெஞ்சுக்குப் பின்னால் கொண்டைக்குருவிக் கூடு, ஜாக்கிரதை என்று ஒரே ஒரு அம்மாவிடம் சொன்னாள். சாயந்திரத்துக்குள் வாட்ஸ்அப்பில் போய், பூங்காவே பெஞ்சைச் சுற்றி நின்றது. கிளையை வளைத்துப் பிடித்துப் படம் எடுத்தார்கள். தாய்க்குருவி திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் எறும்பு மொய்த்ததை அள்ளிப் போட்டதும் வள்ளிக்கண்ணுதான். குருவி என்றால் கிட்டே வருவார்கள், பாம்பு என்றால் எட்டிப் போவார்கள். இவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு.

கணக்கில் கலையரசனை விட்டுவிட்டாள். அவர் மறுநாளே சிரித்துக்கொண்டு வந்தார். “பாம்பும் சுற்றுச்சூழல்தாம்மா. சிங்காரத்தோப்புல செல்போன் கடை வச்சிருக்காரு சர்ஃபராஸ், நல்லாப் பாம்பு புடிப்பாரு. ஞாயித்துக்கெழம காலையில வந்து எல்லாருக்கும் காட்டிப் புடிக்கச் சொல்லியிருக்கேன். அப்புறம் ஆர்ச்ச வச்சுக்கலாம்.” விழா அழைப்பில் ‘பாம்பு விழிப்புணர்வு’ என்று ஒரு வரி சேர்ந்தது. வருகிறோம் என்று பெயர் கொடுத்த குடும்பங்கள் இரண்டு மடங்காயின.

வெள்ளிக்கிழமை முட்டை பொரிந்து மூன்று வாய் திறந்தது. சனிக்கிழமை சாயந்திரம் அவள் சத்திரத்தில் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு, ஊக்குச் செருப்போடு சின்னக்கடைத் தெருப் பக்கம் நடந்துவிட்டு வந்தாள்.

ஞாயிறு காலை ஏழரை மணி. சர்ஃபராஸ் கொக்கிக் கம்போடு மந்தாரைக்குள் குனிந்தார். பின்னால் எட்டி நின்று தலையை நீட்டிய கலையரசன், “வால்! வால்!” என்று மூங்கிலைப் போட்டுவிட்டு ஊஞ்சல் வரை ஓடினார். இலைச் சருகுக்கடியில் கறுப்பாக ஒரு சாண் வால் தெரிந்தது உண்மைதான்.

சர்ஃபராஸ் ஓடவில்லை. வாலைப் பார்த்தார். மேலே தைத்த இலையைப் பார்த்தார். பக்கத்தில் ஹோஸோடு நின்றவளைப் பார்த்தார்.

“ஏம்மா,” என்றார் மெதுவாக, “இது ரப்பரு.”

“கண்ணு நல்லாத் தெரியுதுல்ல? மேலயும் பாத்துட்டல்ல? வாய மூடிக்க தம்பி.”

“நான் பொய் சொல்ல மாட்டேம்மா. தொழிலு.”

“ஒன்ன யாரு சொல்லச் சொன்னா? நான் சொல்லியாச்சு. நீ கம்ப எடுத்துக்கிட்டுக் கெளம்பு.”

அவர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து, “இத நான் புடிக்கப் போறதில்ல சார். பதினஞ்சு நாளைக்கு யாரும் இந்தப் பக்கம் வராதீங்க” என்றார். ஆர்ச் தண்ணீர்த் தொட்டி ஓரம் போனது.

பிள்ளைகள் விதைப்பந்து உருட்டினார்கள். அப்பாக்கள் உருட்டியது கோணலாக வந்தது. பத்தரைக்கு ‘பறவைகளின் குரலை அறிவோம்’. ஸ்பீக்கரில் குயிலும் மயிலும் போட்டார்கள். பிள்ளைகள் கண்டுபிடித்துக் கத்த வேண்டும். மந்தாரைக்குப் பக்கத்துச் சுவரில், வாயில் பச்சைப் புழுவோடு டெய்லர் உட்கார்ந்திருந்தது. சத்தத்தில் கூட்டுக்கு வரப் பயந்து வாலை ஆட்டியது. ஒரு மயில் முடிந்தது, இன்னொரு மயில் வந்தது. குருவி இறங்கவில்லை.

வள்ளிக்கண்ணு குழாயைத் திறந்தாள். ஹோஸ் எப்படியோ திரும்பிவிட்டது. மயில் பாதி அகவலில் கரகரத்து நின்றது.

“என்னம்மா இது, பதினோராயிரம் ரூவா செட்டு!” என்றார் கலையரசன்.

“தண்ணி ஊத்துற நேரம் சார். போர்டுல போட்டிருக்கு பாருங்க.”

கலையரசன் திரும்பி வாசலைப் பார்த்தார். போர்டு தூரத்தில் இருந்தது, வெயிலும் ஏறியிருந்தது. போகவில்லை. ஸ்பீக்கரைத் துடைக்கத் துண்டு தேடினார். அந்த அமைதியில் குருவி விருட்டென்று இலைக்குள் இறங்கி ஏறியது. பார்த்தது அவள் ஒருத்திதான்.

பதினான்காம் நாள் தைத்த இலை காலியாக ஆடியது. சர்ஃபராஸ் அந்த வழியாக பைக்கில் போனவர் வண்டியை நிறுத்தினார். வள்ளிக்கண்ணு பெஞ்சில் உட்கார்ந்து, ரப்பர் பாம்பைத் தண்ணீரில் அலசிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊக்கு இன்னும் செருப்பில்தான் இருந்தது.

“எவ்ளோம்மா குடுத்தீங்க?”

அவள் பாம்பைச் சுருட்டிச் சாப்பாட்டுப் பையில், தூக்குவாளிக்கு அடியில் வைத்தாள். அடுத்த பங்குனிக்கும் ஆகும்.

“எம்பது சொன்னான். நாப்பத்தஞ்சு ரூவா.”