ராத்தா திருப்பிக் கொடுத்த எட்டாவது பாடம்

என் மூத்த சகோதரியான எங்கள் ராத்தா வபாத்தாகி, கண்ணை மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னபோது, "நல்லத மட்டும் எழுது மகள்" என்று உம்மா கட்டளையிட்டார். ராத்தாவிடம் நல்லதோடு சேர்த்துப் பொல்லாத பிடிவாதமும் இருந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் இது வேறு யாரோ ஒரு பெண்ணின் கதையாகிவிடும். உம்மா என்னை மன்னிக்க வேண்டும்.

சாய்ந்தமருதில், கல்முனை டிப்போவில் பஸ் நடத்துனராக இருந்த எங்கள் வாப்பாவுக்கு மூத்த மகளாக ராத்தா பிறந்தார். உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறிப்போனது. இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய், கணினி டிப்ளோமாவுக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். அதை நல்ல பெறுபேற்றோடு முடித்தார். கல்முனையில் ஒரு கடையில் தட்டச்சு வேலை, பிறகு கலியாணம், ஒரு மகள் என்று வருடங்கள் ஓடின.

ஒருநாள் அந்தக் கடைக்கு வந்த ஒருவருடைய விண்ணப்பத்தை ராத்தா தட்டச்சுச் செய்தார். டிப்ளோமா முடித்தவர்கள் நேரே மூன்றாம் ஆண்டில் பட்டப்படிப்பில் சேரலாம் என்பது அதைத் தட்டும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த மனிதர் கடையை விட்டு இறங்குமுன் ராத்தா தன்னுடைய விண்ணப்பத்தையும் தட்டத் தொடங்கிவிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயது. ராத்தாவின் கணவரான எங்கள் மச்சான், "நீ போய்ப் படி, புள்ளய நான் பாத்துக்கொள்றன்" என்றார். சொன்னபடி பார்த்துக்கொண்டார்.

அனுமதிக் கடிதத்தில் எட்டுப் பாடங்களுக்கு விலக்கு என்று இருந்தது. டிப்ளோமாவில் படித்த பாடங்களைத் திரும்பப் படிக்கத் தேவையில்லை என்பதுதான் அதன் பொருள். எங்களுக்கு இருந்த குஷியைக் கேட்க வேண்டுமா! உம்மா இனிப்புத் தொதல் கிண்டினார். நான் அதை வீடு வீடாகக் கொண்டுபோய், "எட்டுப் பாடம் படிக்காமலே பாஸ்" என்று பெருமையடித்தேன். நாங்கள் எல்லோரும் சேர்ந்து விட்ட பிழை அது.

பல்கலைக்கழகத்தில் மற்றவர்கள் இரண்டு வருடம் ஒன்றாகத் தின்று, ஒன்றாகப் படித்து, ஒரே பெட்ச்சாக இருந்தவர்கள். ராத்தாவுக்கு பெட்ச் இல்லை. விரிவுரை மண்டபம் மாறியதை போன் குழுவில் போட்டிருந்தார்கள். அந்தக் குழுவில் ராத்தாவின் பெயர் இல்லை. வெறும் மண்டபத்தில் அரை மணி நேரம் தனியே இருந்துவிட்டு வந்தார். விரிவுரையாளர் ஒரு கணக்கைப் பாதியில் நிறுத்தி, "மிச்சம் போன வருசம் செஞ்சதுதானே" என்பார். ராத்தா செய்திருக்கவில்லை. டிப்ளோமாவில் அதே தலைப்பில் கணிதம் இருந்தது, ஆனால் இந்த ஆழம் இல்லை. முதற் பரீட்சையில் தவறினார். இன்னும் ஒரு தடவை தவறினால் இடம் போய்விடும் என்று கடிதம் வந்தது.

அன்று புத்தகப் பையை அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊரெல்லாம் தொதல் குடுத்தாச்சு. இனி போகல்லெண்டு சொல்ல வெக்கமில்லயா ராத்தா?" என்று கத்தினேன்.

"எனக்குப் படிக்க ஏலாம இல்லகா," என்றார். "அவங்க படி படியா ஏறி வந்திருக்காங்க. என்னத் தூக்கிக் கூரையில வெச்சிட்டாங்க. கீழ பாத்தா ஏணி இல்ல."

சொன்ன வாய் மூடவில்லை, எழுந்து பையை இறக்கினார். மறுநாள் அலுவலகத்துக்குப் போய், பட்டியலில் எட்டாவதாக இருந்த கணிதத்துக்குக் கிடைத்த விலக்கு எனக்கு வேண்டாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களோடு இருந்து அந்தப் பாடத்தைப் படிக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். அங்கிருந்த எழுதுநர் திகைத்துப் போனாராம். "மிஸ், விலக்குத் தாங்கோ எண்டுதான் எல்லாரும் வாறாங்க. வேணாமெண்டு வந்த மொத ஆள் நீங்கதான்."

படிப்பு ஒரு வருடம் நீண்டது. உம்மா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். "அப்ப ஒரு பாடத்துக்குரிய தொதலத் திருப்பி வாங்கிட்டு வரவா?" என்று நான் கேட்டேன். ராத்தா செருப்பைத் தூக்கினார். வீடு சிரித்தது.

இரண்டாம் ஆண்டு வகுப்புக்குள் ராத்தா நுழைந்ததும் விரிவுரையாளர் என்று நினைத்துப் பிள்ளைகள் எழுந்து நின்றார்களாம். ஒரு கிழமையில் அவர்களே, "ராத்தா, நாளைக்குக் குப்பி இரிக்கி, வாங்களன்" என்று அழைத்தார்கள். குப்பி என்பது சிரேஷ்ட மாணவர்கள் மற்றவர்களைக் கூட்டிவைத்துப் பாடத்தை விளங்கப்படுத்தும் வகுப்பு. எந்த நேரசூசியிலும் அது இருக்காது. பெட்ச்சில் இருப்பவருக்குத்தான் அழைப்பு. அன்று வீட்டுக்கு வந்து, "என்னயும் கூப்பிட்டாங்ககா" என்று ராத்தா சொன்னபோது கண்டதைப் போல ஒரு சந்தோஷத்தை அவர் பட்டமளிப்பு அன்றுகூட நான் காணவில்லை. கணிதத்தில் சித்தியடைந்தார். ஒரு வருடம் பிந்தினாலும் நல்ல பட்டத்தோடுதான் வெளியே வந்தார்.

பிறகு அரச அலுவலகமொன்றில் வேலை கிடைத்தது. சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் முன்னறை டிப்ளோமாப் பிள்ளைகளால் நிறைந்துவிடும். பொத்துவிலில் இருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். ராத்தா அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே ஏணி இல்லை என்று காட்டினார். தங்க இடம் பிடித்துக் கொடுத்தார். முதல் நாளே பெட்ச் குழுவில் பெயரைப் போட வைத்தார். வருகிற எல்லோரிடமும் முதலில் ஒன்றைத்தான் கேட்பார்: "எத்தின விலக்கு?" பிள்ளை பல்லெல்லாம் தெரிய எண்ணிக்கையைச் சொல்லும். "சந்தோசப்படாத. எது எது எண்டு சொல்லு."

சிறுநீரக நோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் போன் கையை விட்டு இறங்கவில்லை. தாதி ஏசினால், "அந்தப் புள்ளைக்கு விண்ணப்பம் போட நாளைக்குக் கடைசி நாள் மிஸ்" என்று கெஞ்சுவார். அந்தத் தாதிமாருக்கும், வைத்தியர்களுக்கும், நேரம் பாராமல் ஆட்டோவை எடுத்து வந்த பக்கத்து வீட்டாருக்கும், ஜனாஸா நல்லடக்கத்தில் கலந்துகொண்டவர்களுக்கும், ஒரு நாளும் முகம் சுளிக்காத எங்கள் மச்சானுக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி. ராத்தாவின் மண்ணறையான கப்றை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக.

இன்னுமொருத்திக்கு நான் தனியே நன்றி சொல்ல வேண்டும். ராத்தாவை அடக்கி மூன்றாம் நாள், தம்பிலுவிலில் இருந்து ஒரு பிள்ளை கையில் அனுமதிக் கடிதத்தோடு கேற்றடியில் நின்றாள். "அக்கா இருக்கிறாவா?" என்றாள். அவளுக்குச் செய்தி தெரியாது. நான் சொன்னதும் அப்படியே விம்மி அழுதாள். பிறகு கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போனதே ராத்தாவின் பட்டமளிப்புக்கு மட்டும்தான். ஆனால் அத்தனை சனிக்கிழமையும் அந்த முன்னறைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனவள் நான்.

"இஞ்ச வா புள்ள," என்றேன். "வந்து இரி. எத்தின விலக்கு?"

"ஏழு," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சந்தோசப்படாத. எது எது எண்டு சொல்லு."