புங்க மரத்துக் கம்பி

எங்கள் ஊரில் வீட்டுக்குள் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் எதிரில் நிற்கிற ஆளைப் பொறுத்துத் தெலுங்கும் உண்டு. ஜவளகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கிக் காட்டோரமாக நடந்துபோக வேண்டிய சின்ன ஊர். எனக்குத் தமிழ் தெரியும். ஆனால் வாத்தியார் கேள்வி கேட்டால் அந்தத் தமிழ் வாய்க்கு வராது. கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இன்றைக்கும் கம்பெனியில் மீட்டிங் என்று கூப்பிட்டால் அப்படித்தான் நிற்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு ரேடியோ வந்தது. மத்தியானம் அதில் பாடம் வரும், பிள்ளைகள் கேட்டுப் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு செய்தவர்கள் எங்கள் மலையைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. தமிழ் நிலையத்தைப் பிடித்தால் எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம்தான் வந்தது. பெங்களூர் நிலையமோ பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்டது.

எங்கள் வாத்தியார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒற்றை ஆளாக எல்லா வகுப்பையும் பார்த்தார். அவர் தன் காசில் செப்புக் கம்பி வாங்கிவந்து, ரேடியோவின் ஏரியலில் சுற்றி, ஜன்னல் வழியாக இழுத்து, வெளியே நின்ற புங்க மரத்தின் உச்சிக் கிளையில் கட்டினார். கடுகு அடங்கியது. ஓர் அம்மாள் தமிழில் பாடம் சொல்வது கேட்டது. அந்த அம்மாளின் தமிழ், வாத்தியாரின் தமிழ் மாதிரியும் இல்லை, எங்கள் தமிழ் மாதிரியும் இல்லை. பாதிதான் புரிந்தது. இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டோம். என் மகள் இப்போது செல்போனில் படுத்துக்கொண்டே பாடம் கேட்கிறாள். அவளுக்கும் பாதிதான் புரிகிறதாம்.

இவருக்கு முன்னால் வந்த வாத்தியார்கள் யாரும் ஊரில் தங்கவில்லை. ஒருவர் யானைக்குப் பயந்து போனார். ஒருவர் ராகிக் களி தொண்டையில் இறங்காமல் போனார். ஒவ்வொருவர் போனபோதும் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. அப்படிப் பூட்டிக் கிடந்த ஒரு சமயத்தில் மாடு மேய்க்கப் போன என் அக்கா, திறந்த பிறகு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை. அதனால் இந்த வாத்தியாரை ஊர் பத்திரமாக வைத்திருந்தது. அவருக்கென்று எங்கள் வீட்டில் தினமும் அரிசிச் சோறு ஆக்கினார்கள்.

ஒருநாள் மோர் குடிக்க வந்த வாத்தியார் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். ரேடியோப் பாடம் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஓர் அதிகாரி வரப்போகிறாராம். அந்த அதிகாரி நல்லபடியாக எழுதினால் தனக்குச் சொந்த ஊருக்கு மாற்றல் கிடைக்குமாம்.

"போன மட்டம் ஊருக்குப் போயிருந்தேம்லா, எம்பிள்ள என்னைப் பாத்து வேத்தாளுன்னு அழுதுட்டும்மா," என்றார்.

அம்மா இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள்.

விஷயம் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது. வாத்தியாருக்குக் கெடுதல் செய்ய யாருக்கும் மனமில்லை. அவரை விடவும் மனமில்லை. ஓசூர் கம்பெனியில் ஹெல்பராக இருந்த என் மாமா, அம்மாவுக்குத் தம்பி, அந்தச் சமயம் லீவில் வந்திருந்தார். தன்னிடம் விட்டுவிடச் சொன்னார். அதிகாரி வருகிற அன்று விடிந்ததும் புங்க மரத்தில் ஏறிக் கம்பியை அவிழ்த்து, சுருட்டி, எங்கள் வைக்கோல் போருக்குள் செருகிவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார். ஓசூருக்குப் போனதிலிருந்து மாமா பெருமைக்காகத் தமிழில்தான் பேசுவார்.

"டேய் மாப்ள, ஆபீசரு என்ன கேட்டாலும் ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா வாத்தியார் போயிடுவாரு. எல்லா பசங்களுக்கும் சொல்லிட்டேன். உனக்குச் சொல்லவே வேணாம், நீ எப்பவும்போல இரு, போதும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. நான் சும்மா இருப்பதால் ஊருக்கு ஒரு நன்மை என்று யாரும் அதுவரை சொன்னதில்லை.

அதிகாரி செருப்பெல்லாம் புழுதியாக நடந்தே வந்தார். வாத்தியார் ரேடியோவைத் திருப்பினார். கடுகு பொரிந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மரம் வெறுமனே நின்றது. மரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் கட்டைவிரலைப் பார்த்தோம். அவர் பதறிப்போய்க் குமிழை இப்படியும் அப்படியும் திருப்ப, பெங்களூர் வந்தது. அங்கேயும் அது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற நேரம். கடல் தண்ணீர் ஆவியாகி, மேகமாகி, மலையில் முட்டி மழையாவதைக் கன்னடத்தில் ஒருவர் சொன்னார். நான் கட்டைவிரலை மறந்துவிட்டேன். எங்கள் ஊர் மலையில் மேகம் வந்து நிற்பதைத் தினமும் பார்க்கிறவர்கள் நாங்கள். முடிகிறவரை யாரும் அசையவில்லை.

கன்னடத்தில் வருகிறதே என்று அதிகாரி கேட்டார். வாத்தியார் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி, என்ன பாடம் கேட்டீர்கள் என்று தமிழில் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியே கன்றுக்குட்டியைக் கட்டுவதுபோல் நின்றிருந்த மாமா சிரித்ததை நான் பார்த்தேன்.

அதிகாரி தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர், அவர் வீட்டிலும் கன்னடம்தான் என்பது மாமாவுக்குத் தெரியாது. அவர் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மளெ ஹெங்கப்பா பருத்தெ?"

மழை எப்படியப்பா வருகிறது என்று வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் மாதிரி கேட்டார். பள்ளிக்கூடத்துக் கேள்விக்குச் சும்மா நிற்கலாம். பெரியவர் ஒருவர் வீட்டுப் பேச்சில் கேட்டு, பதில் சொல்லாமல் நின்றால் அம்மா தொடையில் கிள்ளுவாள். கடலில் ஆரம்பித்தேன். மலைக்கு வருவதற்குள் பக்கத்துப் பையன் குறுக்கே புகுந்து திருத்தினான். அப்புறம் வகுப்பே பேசியது. தண்ணீர் என்கிற சொல்லைத் தவிர எதுவும் விளங்காத வாத்தியார் எங்கள் வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பசங்க நல்லாத்தான் கேட்டிருக்காங்க. எந்த பாஷையில கேட்டா என்ன சார்," என்றார் அதிகாரி.

பேசாத பிள்ளையை நம்பிக் கெட்டேன் என்று மாமா அன்று முழுக்க என்னைத் திட்டினார். அம்மா அடுப்பருகே என்னை உட்காரவைத்து, அதிகாரியிடம் சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டு, சரியாகத்தானே சொல்லியிருக்கிறான் என்று மாமாவிடம் சண்டைக்குப் போனாள்.

ராகி அறுப்புக்கு முன்பே மாற்றல் வந்துவிட்டது. பாதி ஊர் ஜவளகிரி வரை நடந்தது. வழியனுப்ப மாமாவும் ஓசூரிலிருந்து வந்திருந்தார். அம்மா ஒரு பை நிறைய அவரைக்கொட்டை கொடுத்தாள். பஸ்ஸில் கால் வைத்தவர் மாமாவைப் பார்த்துத் திரும்பினார்.

"அண்ணாச்சி, அந்தக் கம்பி வைக்கப்போர்லயே கெடந்தா மாட்டு வாயில போயிரும். எடுத்துருங்க."

மாமா கால் கட்டைவிரலைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் நான் மட்டும்தான் அப்படி நிற்பேன் என்று நினைத்திருந்தேன்.

ஊர் திரும்பியதும் மாமா வீட்டுக்குள்கூடப் போகவில்லை. கம்பியை உருவி எடுத்துக்கொண்டு, பூட்டியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் புங்க மரத்தில் ஏறினார். அடுத்த வாத்தியார் வருவதற்குள் நான் மாமாவோடு ஓசூருக்குப் போய் ஒரு பட்டறையில் சேர்ந்துவிட்டேன். அப்படி ஆகும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ரேடியோ உள்ளே அலமாரியில் இருக்கிறது, திருப்புவதற்கு ஆள் இல்லை, பிறகு எதற்குக் கம்பி என்றுதான் எனக்குப் புரியவில்லை. கீழே நின்று, யார் கேட்கப்போகிறார்கள் மாமா என்று கேட்டேன்.

அவர் பழைய கிளையைத் தேடிக் கண்டுபிடித்து, முன்னைவிட இறுக்கமாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பேசாம அந்த நுனியப் புடிடா," என்றார்.

பிடித்துக்கொண்டு நின்றேன்.