இருசாயி அம்மாளின் பாடகரும் அவர் கால்களும்

திருமதி இருசாயி ராசப்பன், பிறப்பு 1969. ஊர், கொல்லிமலை வாழவந்தி நாடு. சாமை, மரவள்ளி, மிளகு பயிரிடுபவர். கணவர் ராசப்பனுக்குப் பாட்டில் நாட்டமில்லை. மகிழன் என்னும் இளம் பாடகர்மேல் இந்த அம்மாளுக்கு உள்ள நாட்டமோ இரண்டு வீட்டுக்குப் போதும். இரண்டாவது வீடு என்னுடையது.

அவர்கள் வீட்டில் செல்பேசிக்கு டவர் கிடைப்பதில்லை. என் வீட்டில் இணைய இணைப்பும் பெரிய டிவியும் உண்டு. ஆகையால் மகிழனின் ஒவ்வொரு தனிப்பாடலும் என் கூடத்தில்தான் அரங்கேறும். உரிக்கவேண்டிய மொச்சையை முறத்தோடு கொண்டுவந்து உட்காருவார். முதல் முறை பேசாமல் பார்ப்பார். இரண்டாம் முறை, நிறுத்தச் சொல்வார். நிறுத்தினால், நல்ல இடத்தில் ஏன் நிறுத்தினீர்கள் என்பார்.

அவருடைய தீர்ப்புகளுக்கு மேல்முறையீடு கிடையாது. ‘கடைசி பஸ்’ என்ற பாட்டில் மேளம் அதிகம், குரல் குறைவு. ‘கண்ணாடி மழை’யின் காணொலியில் ஆறு உடை மாற்றுகிறார், ஒன்றுகூட நனையவில்லை, எனவே தள்ளுபடி. ‘சேறு’ ஒன்றுதான் பாட்டு. அதில் வரிக்கு வரி மகிழன் மூச்சு வாங்கும் ஓசை கேட்கும். காணொலி முழுவதும் வயற்சேற்றில் வெறுங்காலோடு நடப்பார். அந்தக் கால்களைக் கேமரா அருகில் சென்று காட்டும். மூச்சைத் துடைக்காமல் விட்டது ஒலிப்பதிவாளரின் கவனக்குறைவு என்பது என் கருத்து. நடக்கிறவனுக்கு மூச்சு வாங்காதா என்பது அவர் கருத்து. மூன்றாண்டுகளாக இந்த விவாதம் நடந்துவருகிறது. மொச்சைத் தோலைக் கூட்டுவது நான்.

சென்ற ஆண்டு டிசம்பரில் மகிழனின் குழுவினர் புதிய காணொலிக்கு இடம் தேடி மலைக்கு வந்தார்கள். இருசாயி அம்மாளின் களம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. களம் அவருக்கும் கணவரின் தம்பி அர்த்தனாரிக்கும் பொது. அறுத்த சாமை அதில் போராகக் கிடந்தது. போர் அடித்துத் தானியம் வீடு சேரும்வரை அக்களத்தில் எவரும் செருப்போடு ஏறுவதில்லை. ஏறிவிட்டால் மறுபடி சாணமிட்டு மெழுகி, சேவல் அறுத்த பிறகே போரைப் பிரிக்கலாம். இடையில் மழை வந்தால் சாமை களத்திலேயே முளைத்துவிடும்.

அர்த்தனாரி ஒப்பவில்லை. “செருப்புக்கால் பட்டுச்சுன்னா உங்க பங்கை நீங்களே அடிச்சுக்குங்க அண்ணி. நானும் வரமாட்டேன், என் மாடும் வராது” என்றார்.

இருசாயி அம்மாள் மகிழனுக்காகத் தாமே பிணை நின்றார். ‘சேறு’ பாட்டில் ஊரே பார்த்த கால்கள் அல்லவா? குழுவினரிடம் செருப்பு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுமாறு நான் வற்புறுத்தினேன். சோறு போட்டால் வாயைத் திற என்றும் சொல்லவேண்டுமா என்று என்னைத்தான் கேட்டார்.

படப்பிடிப்பு நாளில் கார் சாலையோடு நின்றுவிட்டது. மகிழன் சரிவில் ஏறி வந்தார். காலில் முழங்கால்வரை வெள்ளை பூட்ஸ். அர்த்தனாரி கையைக் கட்டிக்கொண்டு, “ஏனுங்க அண்ணி, உங்காளு காலைப் பொட்டிக்குள்ள வச்சுக் கொண்டாந்திருக்காப்ல” என்றார்.

இருசாயி அம்மாள் களத்தின் விளிம்பில் குறுக்கே நின்றார். விவரம் சொல்லி, கழற்றச் சொன்னார். இயக்குநர் முந்தைய காட்சி, வெளிச்சம், நேரம் என்று ஏதேதோ விளக்கினார். அம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“சேத்துல அத்தனை தூரம் நடந்தீங்களே சாமி, இது மெழுகுன களம்தானுங்க” என்றார்.

மகிழன் மூச்சு வாங்க நின்றார். நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியவில்லை. “அது என் கால் இல்லீங்கம்மா. முகம் வராத ஷாட்டுக்கு வேற ஆளு. எனக்குச் சின்னக் கல்லு குத்துனாலே ஆகாது.”

அம்மாள் குனிந்து அந்தப் பூட்ஸையே பார்த்தார். அர்த்தனாரிகூடச் சிரிக்கவில்லை. பிறகு அம்மாள் இறங்கிய குரலில், “சரிங்க சாமி. இங்கயும் வேற காலே ஏறட்டும்” என்றார்.

இயக்குநர் சுற்றிலும் பார்த்தார். ஆண்களில் வெறுங்காலோடு நின்றவர் அர்த்தனாரி ஒருவரே; நான் செருப்போடு வரப்பில் நின்றிருந்தேன். மகிழன் கல்லில் அமர்ந்து பூட்ஸைக் கழற்றுவதாக ஒரு காட்சி எடுத்தார்கள். அடுத்து, மகிழனுடைய வெளிர்நீலப் பேண்ட்டை அர்த்தனாரிக்கு மாட்டி, முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரியும்படி களத்தில் நடக்கவிட்டார்கள்.

“இடுப்புல நிக்குதுங்களா கொழுந்தனாரே?” என்று கேட்டபோது அம்மாளுக்குக் குரல் திரும்பியிருந்தது. மறுநாள் அர்த்தனாரி மாட்டோடு வந்தார்; சாமையும் நனையாமல் வீடு சேர்ந்தது.

இத்துடன் இந்த ஈடுபாடு தீர்ந்ததென்று நம்பினேன். கால் பொய் என்றால் பாட்டும் பொய்தானே என்று முறைப்படி வாதிட்டேன். சரிவேறி வந்தவுடன் அந்தப் பையன் வாங்கிய மூச்சைத் தாம் பக்கத்தில் நின்று கேட்டதாகவும், ‘சேறு’ பாட்டில் இருப்பது அதே மூச்சுதான் என்றும் சொல்லி முறத்தை எடுத்துக்கொண்டார்.

எங்கள் களத்தில் எடுத்த பாட்டு, ‘எழுபதாம் வளைவு’, பிப்ரவரியில் வெளியாயிற்று. காணொலியின் கீழே ரசிகர்கள் மகிழனின் எளிமையையும், குறிப்பாக அவர் பாதங்களையும் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். அம்மாள் சொல்லச்சொல்ல, என் கணக்கிலிருந்து, என் பெயரிலேயே நான் தட்டச்சு செய்தேன்: “கால் எங்கள் கொழுந்தனாருடையது. மூச்சு மகிழனுடையதுதான். பாட்டு பரவாயில்லை, மேளம் அதிகம்.”

நாடெங்கிலுமிருந்து மகிழன் ரசிகர்கள் என்னைத் திட்டி எழுதுகிறார்கள். பொறாமைக்காரக் கிழவன் என்பது அவற்றுள் மென்மையானது. நீக்கிவிடுகிறேன் என்றால் அம்மாள் சம்மதிப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் பதில் எழுதவேண்டும் என்று முறத்தோடு வந்து அவர் இதுவரை கடைசியாக என் கதவைத் தட்டியது, 2025 மார்ச் 2ஆம் நாள்.